போதும் என்ற சொல் இல்லாத நாடு

ரொம்பக் காலத்துக்கு முன்னால், கருவேல நாட்டை மருதராயன் என்று ஒரு ராஜா ஆண்டான். இந்தக் கதையில் நல்ல சிரிப்பு ஒன்று இருக்கிறது. ஆனால் இப்போது தர மாட்டேன். முதலில் ஒரு அழுகையைத் தாண்டியாக வேண்டும்.

ராஜாவுக்கு ஒரே மகள், செங்கமலம். ஆறு வயது. ஒருநாள் வரி வழக்கு விசாரணைக்கு நடுவில் சபைக்குள் ஓடிவந்து, "அப்பா, குளத்தோரத்துல வாத்துக்குஞ்சு வந்திருக்கு, வந்து பாருங்களேன்" என்று அவன் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தாள். ராஜா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போ" என்றான்.

யாரை அனுப்பினாலும் அந்த நாட்டில் "போயிட்டு வா" என்றுதான் சொல்வார்கள். அன்றைக்கு ராஜா வாயில் "வா" வரவில்லை. குழந்தை குளத்துக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு ராஜா உப்பில்லாத கஞ்சி குடித்தான். வெறுந்தரையில் படுத்தான். தினமும் விடிந்ததும் குளத்துப் படியில் நின்று இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்துகொண்டான். கன்னம் வீங்கி, பேச்சே குழறியது. "இப்படியே விட்டால் மழைக்காலம் தாண்ட மாட்டார்" என்று வைத்தியர் அமைச்சர் அம்பலவாணரிடம் ரகசியமாகச் சொன்னார்.

அமைச்சரின் ஆசனத்தின் மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தவர் தண்டநாயகர் உடையப்பர். மூக்கால் பேசுவார். நீங்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்: "மன்னா, அந்தச் சொல்லையே ஒழித்துவிடுவோம். 'போ' என்று தொடங்கும் எந்த வார்த்தையையும் எவனும் பேசக் கூடாது. பேசினால் நாடு கடத்தல்."

ராஜா தலையாட்டிவிட்டான்.

போர்வை விற்றவன் "மேல மூடுறது வாங்கலியோ, மேல மூடுறது" என்று தெருத்தெருவாகக் கூவினான். கல்யாண வீட்டில் யாராலும் "போதும்" சொல்ல முடியவில்லை. பரிமாறுகிறவன் ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தான், இலை மிதந்தது. சட்டத்தை மீறியவனைப் பிடித்த காவலர்களோ "வெளியே போ" என்று சொல்ல வழியில்லாமல் எல்லைப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

சிரிக்காதீர்கள், நான் சொன்னது இந்தச் சிரிப்பு இல்லை. வயலுக்குக் கிளம்பும் புருஷனிடம் "போயிட்டு வாங்க" என்று சொல்ல முடியாமல் பெண்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் பாருங்கள்.

ஒருநாள் அமைச்சர் சபைக்கு ஒரு பெண்ணை அழைத்து வந்தார். வேலாத்தாள். செங்கமலத்தை வளர்த்த செவிலி. அன்று குளத்தங்கரையில் குழந்தையோடு இருந்தவள்.

"மன்னா, இவளுக்குத் தண்டனை வேண்டுமாம்."

"கொண்டை அவுந்துச்சு சாமி," என்றாள் வேலாத்தாள். "அதை முடியத்தான் திரும்பினேன். முடிஞ்சுட்டுப் பாத்தா புள்ளையக் காணோம்." சொல்லிவிட்டு, சபை பார்க்கத் தன் கன்னத்தில் அறைந்துகொள்ள ஆரம்பித்தாள். பளார். பளார்.

ராஜா எழுந்துவிட்டான். "நிறுத்தம்மா."

அமைச்சர் கைகட்டிச் சொன்னார்: "நிறுத்தினால் நாளைக்குத் திரும்பத் தொடங்குவாள், மன்னா."

பளார்.

"விட்டுவிடு தாயே."

"விட்டதை மறுபடி பிடித்துக்கொள்ளலாமே, மன்னா."

பளார்.

"உன்னை மன்னித்துவிட்டேன்."

"நீங்க மன்னிச்சிட்டீங்க சாமி," என்றாள் அவள். "இந்தக் கை மன்னிக்கலியே."

ராஜா படியிறங்கி வந்து அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டான். "இதே கைதானே அவளுக்குத் தலை வாரிவிட்டது? சோறு ஊட்டியது? ஆறு வருஷமும் நல்ல நாளாக வந்தது. நாம் கூப்பிட்டா வந்தது? ஒருநாள் கெட்டதாக வந்தது. அதையும் நாம் கூப்பிடவில்லை. அந்த ஒரு நாளுக்காக இந்த முகத்தை எவ்வளவு காலம் அடிப்பாய்? போதும் தாயே. போதும்."

உடையப்பர் துள்ளி எழுந்தார். மூக்கைப் பிடியுங்கள்: "சதி, சபையோரே, சதி. மன்னரையே 'போதும்' சொல்ல வைத்துவிட்டார் இந்த அமைச்சர். மன்னரே 'போதும்' என்றால் சட்டம் என்னாவது? ஒருவர் 'போதும்' என்றால் நாளைக்கு ஊரே 'போதும் போதும்' என்று..."

வாசல் காவலர்கள் நான்கு பேரும் சேர்ந்தாற்போல் எல்லைப் பக்கம் கையை நீட்டினார்கள். உடையப்பர் தான் பேசியதை ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் சிரித்தவள் வேலாத்தாள்தான், நனைந்த கன்னத்தோடு. அப்புறம் சபையே சிரித்தது. இதுதான் நான் சொன்ன சிரிப்பு. அழுகைக்குள்ளிருந்து எடுத்ததால் கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கும்.

ராஜா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கைகளை மெதுவாக விட்டான். விட்ட கை, தன் வீங்கிய கன்னத்தைத் தடவிப் பார்த்தது. பிறகு அமைச்சர் பக்கம் திரும்பினான்.

"ஓய் அம்பலவாணரே," என்றான் குழறலாக, "யார் கன்னத்துக்காக ஐயா அந்தச் சொல்லை என்னைச் சொல்ல வைத்தீர்?"