ஏழாம் பக்கத்துக் கண்ணீர் அஞ்சலி

சாயப்பட்டறைக் கழிவால் ஆற்று மீன்கள் செத்து மிதந்தன. அந்தச் செய்தியைப் பத்திரிகை முதலாளி தாண்டவராயர் கிழித்துப் போட்டார். ஏனென்றால், பட்டறைக்காரர் முதல் பக்கம் முழுக்க விளம்பரம் கொடுத்திருந்தார்: "எங்கள் சாயம் வெளுக்காது."

"காசு கொடுக்காதவன் சொல்றது செய்தியே இல்ல. கொடுத்தவன் சொல்றதுல ஒரு எழுத்தையும் தொடக்கூடாது. புரியுதா?" என்று பிழைதிருத்தும் மரகதவல்லியிடம் உறுமினார்.

"நல்லாவே புரியுதுங்கய்யா" என்றாள் அவள். நேராக ஆற்றங்கரைக்குப் போய், மீனவர்களிடம் அதை அப்படியே சொன்னாள். அன்று மாலையே அவர்கள் விளம்பரக் கட்டணத்தோடு வந்துவிட்டார்கள்.

மறுநாள் ஏழாம் பக்கத்தில், கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கெண்டை மீன் படம். "கண்ணீர் அஞ்சலி. எங்கள் ஆற்று மீன்கள். மறைவு: ஆற்றோரச் சாயப்பட்டறை கழிவைத் திறந்துவிட்ட செவ்வாய்க்கிழமை. இவண், துயரத்தில் வாடும் வலைக்காரர்கள்."

ஊரே சிரித்தது. சிரித்து முடித்ததும் பட்டறை வாசலில் போய் நின்றது.

தாண்டவராயர் பாய்ந்தார். "யாரைக் கேட்டுப் போட்டே?"

"காசு கட்டினாங்கய்யா. நான் ஒரு எழுத்தையும் தொடல."

"பட்டறைக்காரருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"சாயம் வெளுக்காதுன்னு முதல் பக்கத்துல அவர்தானே சொன்னார். ஏழாம் பக்கத்துல வெளுத்துப்போச்சுன்னு சொல்லுங்க."