செவத்தி தாண்டாத விரிசல்

அந்தக் காலத்தில் கடலெல்லாம் ஓரமாய் ஒதுங்கிக் கிடந்தது; நிலம் மொத்தமும் ஒரே நிலம். ஊர்வன எல்லாம் பேசும். பேச்சென்றால் அப்படியொரு பேச்சு! செவத்தி என்ற ஆமை மட்டும் பயந்தவள். ஒரு சருகு விழுந்தாலும் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வாள்.

"நீ வாக்கப்பட்டது எனக்கா, இந்த ஓட்டுக்கா?" என்று புருஷன் ஓடையன் கேலி செய்வான்.

ஒருநாள் ஓடையன் மேற்கு மணலில், புதைத்த முட்டைகளுக்குக் காவல் இருந்தான். செவத்தி அடுத்த தடவை இடவேண்டிய முட்டைகளை வயிற்றில் சுமந்துகொண்டு, கோவைப்பழம் தேடிக் கிழக்கே நாலு எட்டு நடந்திருந்தாள். அப்போது பூமி உறுமியது. இருவருக்கும் நடுவே தரை வெடித்தது.

"செவத்தி, தாண்டி வந்துடு! ஒரே எட்டுதான்!" ஓடையன் கத்தினான்.

பாம்பும் ஓணானும் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று கண்டபடி தாவின. ஓர் உடும்பு அவள் ஓட்டைத் தட்டி, "அக்கா, இப்பப் போயா தலையை இழுப்பே?" என்று கெஞ்சிவிட்டுத் தாண்டிப் போனது. யார் சொல்லி என்ன? சத்தம் அடங்கட்டும், அப்புறம் போகலாம் என்று உள்ளேயே கண்ணை மூடிக் கிடந்தாள், பாவி மகள்!

சத்தம் அடங்கியது. தலையை நீட்டினாள். தரை வெடித்த இடத்தில் கடல். அக்கரை ஒரு கோடாய்த் தெரிந்தது, அதுவும் நகர்ந்துகொண்டிருந்தது.

"ஏங்க!" தொண்டை கிழியக் கத்தினாள்.

பல நாள் கழித்து ஒரு முதலை நீந்தி வந்தது.

"அண்ணே, அவரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் தாயி. குஞ்செல்லாம் பொரிஞ்சிருச்சு. அவன்தான் கரையில கழுத்தை நீட்டிக்கிட்டே நிக்கிறான். 'அவ தலையை நீட்டுற நேரம் நான் பார்க்காமப் போயிட்டா?'ன்னு கேக்கிறான்."

செவத்தி தண்ணீர் ஓரத்துக்கே வந்துவிட்டாள். "என்னைக் கூட்டிட்டுப் போங்கண்ணே."

"கரை நாளுக்கு நாள் தள்ளிப் போகுது தாயி. இனிமே எனக்கே எட்டாது."

அவள் அக்கரையைப் பார்த்த மணலிலேயே முட்டையிட்டாள். அந்தக் குஞ்சுகள் இந்தப் பக்கம் பெருகின. ஓடையனின் குஞ்சுகள் அந்தப் பக்கம்.

அன்று முதல்தான் ஆமைகள் கண்டத்துக்குக் கண்டம் பிரிந்து வாழ்கின்றன. எந்தக் கண்டத்து ஆமையும் இழுத்த தலையைச் சட்டென்று நீட்டுவதில்லை. மெல்ல மெல்லத்தான் நீட்டும். நீட்டியதும், கழுத்து எட்டுமட்டும் நீட்டி ஒரு பார்வை பார்க்கும். அந்தக் கரை கிட்டே வந்திருந்தால், இந்தத் தடவையாவது தாண்டிவிட வேண்டுமே!