வெள்ளை டப்பாவின் துக்கம்

பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீட்டுக் குளியலறை அலமாரிக்கு, ஒரு காலத்தில், ஒரு க்ரீம் வந்து சேர்ந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் வெள்ளை டப்பா. மூடியில் ஒரு மயில். உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. யார் செய்தது, எந்த ஊரில் செய்தது என்பதும் இல்லை. 'ஒரே மாதத்தில் நிலவு போல' என்று மட்டும் இருந்தது.

க்ரீம் அதை வேதவாக்காக நம்பியது. தன்னைப் பற்றி அதற்குச் சொல்லப்பட்டிருந்தது அந்த ஒரு வரிதான்.

அந்த வீட்டுக்காரி பெயர் ஜெபக்கனி. கணவன் தனசிங் லாரிப் பட்டறையில் மெக்கானிக். ஏழு வயதில் பியூலா என்று ஒரு மகள். ஜெபக்கனி எட்டு வருஷமாக ஒரு பெரிய ஜவுளிக்கடையில் முகூர்த்தப் பட்டுப் பிரிவில் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணப் பெண்ணின் தோளில் சேலையைப் போட்டு, ஒரு மடிப்பு மடித்து, அவள் முகத்தையே மாற்றிக் காட்டிவிடுவாள். அவளைத் தேடிக்கொண்டு வருகிற குடும்பங்கள் இருந்தன.

ஒரு நாள் சூப்பர்வைசர் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"நாளைலருந்து நீ பின்னால லைனிங் துணிக்குப் போயிரும்மா. முன்னால பளிச்சுன்னு ஆள் நிக்கணும்னு மேல சொல்லுதாவ. எங்கிட்ட கோவிச்சுக்கிடாத."

ஜெபக்கனி கோபித்துக்கொள்ளவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு அவள் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி பஸ் வெகுதூரம் போய்விட்டது. அவளுக்குத் தெரியவே இல்லை.

அவளோடு வேலை பார்த்த மாரிச்செல்விதான் அந்த டப்பாவைக் கொடுத்தவள். "ஒரு மாசம் போட்டுப் பாருட்டி. நான் எப்படி இருந்தேன், இப்பம் எப்படி இருக்கேன்!"

இப்படித்தான் க்ரீம் அந்த அலமாரிக்கு வந்தது. அங்கே முன்பே ஒரு தேங்காயெண்ணெய்ப் புட்டி, ஒரு சீப்பு, பழைய ஊறுகாய் பாட்டிலில் பியூலாவைக் குளிப்பாட்ட வைத்திருந்த பயத்தமாவு எல்லாம் இருந்தன.

"நீ என்ன செய்வாய்?" என்று க்ரீம் பயத்தமாவைக் கேட்டது.

"அழுக்கை எடுப்பேன். கொஞ்சம் குளிர்ச்சியும் தருவேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"கறுப்பை எடுக்கமாட்டாயா?"

பயத்தமாவு சற்று யோசித்தது. "கறுப்பு அழுக்கில்லையே" என்றது.

கையாலாகாதவர்கள் பேசுகிற பேச்சு இது என்று க்ரீம் நினைத்துக்கொண்டது.

ஜெபக்கனி காலையில் ஒரு முறை, கடையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை க்ரீம் போட்டாள். அதனால் அவள் கைப்பைக்குள் அதுவும் கடைக்குப் போய் வந்தது. நெற்றியில் ஒரு பொட்டு, மூக்கில் ஒன்று, கன்னங்களில் இரண்டு, தாடையில் ஒன்று. அவள் விரல் நுனியில் புதுச்சேலைக் கஞ்சி வாசனை இருக்கும். மற்ற பொருள்களை எடுப்பதுபோல அவள் தன்னை எடுப்பதில்லை என்று க்ரீமுக்குத் தோன்றியது. தன்னிடம் அவள் எதையோ இரந்து கேட்கிறாள் என்று தோன்றியது. இவளுக்காக எதையும் செய்யலாம் என்று அது முடிவு செய்தது.

மூன்றாவது வாரம் முகம் வெளுத்தது. ஐந்தாவது வாரம் சூப்பர்வைசர் அவளை மறுபடி முகூர்த்தப் பட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் ஜெபக்கனி டப்பாவை எடுத்து, யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு, மூடியில் ஒரு முத்தம் கொடுத்தாள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். காலி வீட்டில் க்ரீம் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தபோது, அதற்குள்ளிருந்தே ஒரு குரல் கேட்டது.

"முத்தத்தை நீ மட்டும் வாங்கிக்கொண்டாயே."

"யாரது?"

"பாதரசம். நீ பிறந்த நாளிலிருந்து உனக்குள்தான் இருக்கிறேன். அவள் கொண்டாடுகிற வெளுப்பு நான் கொடுத்தது. கறுப்பு உண்டாகிற இடத்துக்குப் போய் அந்த வேலையை நிறுத்திவிடுவேன்."

"நல்லதுதானே?"

"அதோடு நான் நிற்பதில்லை. தோலுக்குள் இறங்கி, ரத்தத்தோடு போய், சிறுநீரகத்தில் உட்கார்ந்துகொள்வேன். நான் உட்கார்ந்த இடம் கெட்டுப்போகும். வேண்டுமென்று செய்வதில்லை. என் சுபாவம் அது."

க்ரீம் கெஞ்சியது. "போகாதே. அவள் பிள்ளை பெற்றவள்."

"நானாக எங்கே போகிறேன்? நீதான் சுமந்துகொண்டு போகிறாய்."

அன்றிலிருந்து க்ரீம் அவளிடமிருந்து தப்பிக்கப் பார்த்தது. முதலில் ஓரமெல்லாம் உலர்ந்து மூடியோடு ஒட்டிக்கொண்டது. ஜெபக்கனி திருகிப் பார்த்துவிட்டு தனசிங்கிடம் கொண்டு போனாள். அவன் ஒரே திருகில் திறந்துவிட்டான். "இதுக்குப் போயி இந்தப் பாடு படுதியே" என்று சிரித்தான்.

பிறகு க்ரீம் திரிந்து தண்ணீர் விட்டது. அருவருத்துத் தூக்கி எறிந்துவிடுவாள் என்று நம்பியது. அவள் விரலால் கலக்கிப் போட்டுக்கொண்டாள்.

கடைசியில் அதற்குத் தெரிந்த ஒரே மொழியில் பேசியது. தன்னிடமிருந்த உஷ்ணத்தையெல்லாம் திரட்டி அவள் கன்னத்தில் எரிந்தது. என்னைத் துடைத்துப் போடு, உடனே துடைத்துப் போடு என்று எரிந்தது. ஜெபக்கனியின் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் மாரிச்செல்விக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி, முகமெல்லாம் தீயா எரியுது. நிறுத்திரட்டுமா?"

"பைத்தியமா ஒனக்கு? எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். பல்லக் கடிச்சிக்கிட்டுப் பொறுத்துக்கோ."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடவே எடுத்தாள்.

ஆவணி முகூர்த்தங்கள் வந்தன. கடையில் உட்கார நேரமில்லை. காலையில் எழுந்தால் ஜெபக்கனியின் கண்ணிமைகள் வீங்கியிருந்தன. சாயங்காலம் கால் செருப்புக்குள் நுழையவில்லை. நின்றுகொண்டே இருப்பதால்தான் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

"அவளிடம் சொல்லிவிடேன்" என்றது பயத்தமாவு.

"சொன்னேனே! அவள் கன்னத்திலேயே சொன்னேன். அவள் அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டாள்."



ஒரு முகூர்த்தக் கூட்டத்தின் நடுவில், ஒரு கல்யாணப் பெண்ணின் தோளில் அரக்குச் சேலையைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, ஜெபக்கனி அந்தச் சேலையோடு கீழே விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் பரிசோதனை செய்தார்கள். டாக்டரம்மா கட்டிலருகே வந்து நின்றார். தனசிங் கால்மாட்டில் நின்றான். க்ரீம், கட்டிலில் கிடந்த கைப்பைக்குள் இருந்தது.

"சிறுநீர்ல புரதம் நிறைய ஒழுகுது. அதான் இந்த வீக்கம். வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுவீங்களா?"

"இல்ல டாக்டர்."

"வேற மருந்து?"

"ஒண்ணுமில்ல."

டாக்டரம்மா அவள் முகத்தையும் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "முகத்துக்கு என்ன போடுறீங்க?"

"பவுடர்தான்" என்றாள் ஜெபக்கனி.

'நான் இங்கே இருக்கிறேன்! என்னை எடுங்கள்!' என்று க்ரீம் பைக்குள் கிடந்து கத்தியது. அது யாருக்கும் கேட்கவில்லை.

தனசிங்தான் வாயைத் திறந்தான். "ஒரு க்ரீம் போடுதா டாக்டர். மூடி தொறக்க வரலன்னு எங்கிட்ட கொண்டு வந்தா. நாந்தான் தொறந்து குடுத்தேன்." பையைத் திறந்து டப்பாவை எடுத்து நீட்டினான்.

டாக்டரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுமே எழுதல பாருங்க. இந்த மாதிரி க்ரீம் போட்டு இதே நோயோட வந்தவங்களை நான் பாத்திருக்கேன். இனிமே இதைத் தொடவே கூடாது. குப்பையிலயும் போடாதீங்க. ரெண்டு கவர்ல கட்டி, பிள்ளை கைக்கு எட்டாம வச்சிருந்து, அடுத்த தடவை வரும்போது கொண்டு வாங்க. பரிசோதனைக்கு அனுப்பணும்."

"எனக்குச் சரியாயிருமா டாக்டர்?"

"நிறுத்திட்டீங்கன்னா பெரும்பாலும் சரியாகிடும். மாசக்கணக்காகும். எவ்வளவு கெட்டிருக்குன்னு இப்பவே சொல்ல முடியாது."

ஜெபக்கனி தலையாட்டினாள். பிறகு கணவனுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்: "என் நிறம் பழையபடி வந்துருமா?"

"கண்டிப்பா வந்துரும்மா" என்றார் டாக்டரம்மா, அவளுக்குத் தைரியம் சொல்வதுபோல.

விழுந்தபோதும் ஊசி குத்தியபோதும் அழாத ஜெபக்கனி அப்போதுதான் அழுதாள்.

வீட்டுக்கு வந்தபிறகு பழைய நிறம் திட்டுத் திட்டாகத் திரும்பியது. உடம்பு தேறியதும் சொல்லியனுப்புகிறோம் என்றது கடை, சொல்லியனுப்பவில்லை. ஜெபக்கனி அலமாரியைச் சுத்தம் செய்தாள். வாசனைப் பவுடர், தலைச்சாயம், பெயர் தெரியாத சோப்பு எல்லாவற்றையும் ஒழித்தாள். எதை வாங்கினாலும் பின்பக்கத்து எழுத்தை விரல் வைத்துப் படித்தாள், புரியாததை வாங்கவில்லை. மாரிச்செல்வியைக் கூப்பிட்டு, "நீயும் விட்டுருட்டி, கையெடுத்துக் கும்பிடுதேன்" என்று கெஞ்சினாள். முகத்துக்குப் பயத்தமாவும், தோலுக்குத் தேங்காயெண்ணெயும் போதுமென்று ஆயின. க்ரீம் இரண்டு கவருக்குள் கட்டுண்டு, பரணின் மூலையில், பரிசோதனைக்குப் போகும் நாளுக்காகக் காத்துக் கிடந்தது. அவள் இனி நன்றாக இருப்பாள் என்று நினைத்துத் தன்னைத் தேற்றிக்கொண்டது.

ஒரு சனிக்கிழமை காலை. ஜெபக்கனி மகளைக் குளிப்பாட்ட ஒரு கிண்ணத்தில் பயத்தமாவைக் கரைத்தாள். பியூலா தலைமுடியை அள்ளிக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இதுல விஷம் கெடையாதுல்லா?"

"கெடையாதும்மா. பயறு வாங்கி, காய வச்சி, நானே மிஷின்ல குடுத்துத் திரிச்சது."

"இதப் போட்டா உடம்புக்கு ஒண்ணும் செய்யாதுல்லா?"

"செய்யாது."

பியூலா முகத்தை அண்ணாந்து காட்டினாள். "அப்பம் நெறையாப் போடும்மா. நான் வெளுப்பா வரணும்."

ஜெபக்கனியின் கை கிண்ணத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. பயத்தமாவு அவள் விரல்களுக்கிடையே வழிந்து, கிண்ணத்திலேயே விழுந்துகொண்டிருந்தது.

பரணில் க்ரீம் பதறிப்போய்த் தனக்குள் கேட்டது: "பாவி, அந்தப் பிள்ளைக்குள்ளும் போய்விட்டாயா?"

"இல்லை" என்றது பாதரசம். "அந்தப் பிள்ளையை நான் தொட்டதே இல்லை."