மஞ்சள் கோடாக ஓடிய புலி

நெடுவரைக்கோட்டை அரண்மனையில் அம்பலவாணருக்கு வேலை, ராஜாவுக்கு ஓலை படித்துக் காட்டுவது. உண்மையான வேலை, ராஜாவின் கோபத்தை ஆற்றுவது. அன்றைக்கு அந்தக் கோபம் அவர் மேலேயே திரும்பியிருந்தது.

எல்லாம் ஒரு சித்திரத்தால் வந்தது. செண்பக ராஜா புலி வேட்டைக்குப் போனபோது, அம்பலவாணர் சிபாரிசு செய்த செங்கமலம் என்ற சித்திரக்காரியையும் அழைத்துப் போனார். "காட்டில் நான் கண்டதை அப்படியே தீட்டு" என்பது உத்தரவு. இரண்டு மாதம் கழித்து, சபையில் திரையை விலக்கினார்கள்.

ஆள் உயரத் துணி முழுக்கப் பச்சை. பாசிப் பச்சை, கிளிப் பச்சை, வாழைக்குருத்துப் பச்சை, ஒன்றின் மேல் ஒன்றாக இழுத்து விட்டிருந்தது. நடுவில் மஞ்சளாக ஒரு கோடு. அதுவும் பாதியில் நின்றுவிட்டது. மரமில்லை, மானில்லை, புலியில்லை.

படைத்தலைவர் தளவாய் பூதலன் தொண்டையைச் செருமினார். இந்தச் சித்திர வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தரப் பார்த்துத் தோற்றவர் அவர்.

"மகாராஜா, நம் குதிரை லாயத்துச் சுவரும் மழைக்காலத்தில் இப்படித்தான் இருக்கிறது. அது சன்மானம் கேட்பதில்லை."

ராஜா சிரிக்கவில்லை. "அம்பலவாணரே, இதில் புலி எங்கே? காட்டாவிட்டால், பொழுது சாய்வதற்குள் நீரும் இந்தப் பெண்ணும் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்."

சித்திரம் அம்பலவாணருக்கும் விளங்கவில்லை. "என்னம்மா இது?" என்று செங்கமலத்திடம் மெல்லக் கேட்டார்.

"அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவுதான் ஐயா" என்றாள் அவள்.

அம்பலவாணர் நிமிர்ந்தார். "மகாராஜா, வேட்டையில் புலியைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேனே."

"முழுசாகவா?"

ராஜா யோசித்தார். "புதர் அசைந்தது. மஞ்சளாக ஏதோ ஓடியது. வில்லை எடுப்பதற்குள் காணோம்."

"மான்?"

"சலசலப்புக் கேட்டது."

"கண்டதை அப்படியே தீட்டச் சொன்னீர்கள். தீட்டியிருக்கிறாள். மீசையும் பல்லுமாகப் புலியை வரைந்திருந்தால் அதுதான் பொய்."

ராஜா இறங்கி வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இப்படித்தான் ஓடியது" என்றார்.

தளவாய் விடவில்லை. "நான் முழுப் புலியையும் பார்த்தேன் மகாராஜா. முதுகில் வரிகளைக்கூட எண்ணினேன். இவள் கண்ணில் மட்டும் எப்படிப் படாமல் போகும்?"

அம்பலவாணர் சித்திரத்தின் அருகே போனார். துணியின் மேல் விளிம்பில், எல்லாப் பச்சைக்கும் மேலே, நகக்கண் அளவு சிவப்பு இருந்தது.

"இது என்னம்மா, பூவா?"

"தளவாய் ஐயாவின் தலைப்பாகை."

"மரத்து உச்சியிலா?"

"புதர் அசைந்ததுமே ஏறிவிட்டார்."

அம்பலவாணர் ராஜாவை வணங்கினார். "தளவாய் சொல்வது சத்தியம் மகாராஜா. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் புலி முழுசாகத்தான் தெரியும்."

ராஜா சிரித்து முடிக்க நேரமாயிற்று. செங்கமலம் அன்றே அரண்மனைச் சித்திரக்காரி ஆனாள். சித்திரத்தைத் தளவாயின் ஆசனத்துக்கு நேர் எதிரே மாட்டினார்கள்.