மரநாயின் வால்

கணினி விளையாட்டில் வரும் பிராணி முள்ளில் பட்டுச் சாகிறது என்று உலகம் பரவலாக நம்பிக்கொண்டிருக்கிறது. படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்தப் பிழையை இனியும் வளரவிடுவது நல்லதல்ல. பிராணிக்கு உடம்பே கிடையாது. திரையில் தெரிவது வெறும் படம். படம் எதன்மேலும் படாது. படத்தோடு கூடவே, கண்ணுக்குத் தெரியாமல், ஒரு பெட்டி போகிறது. முள்ளுக்கும் அப்படி ஒரு பெட்டி உண்டு. பெட்டிமேல் பெட்டி ஏறினால் மரணம். ஏறாவிட்டால் ஆயுள் கெட்டி. எமன் இங்கே பார்ப்பது எண்களை ஒப்பிடுகிற குமாஸ்தா வேலை.

தாணுமூர்த்திக்கு இது தெரியும். தெரிந்ததுதான் தொல்லையாகப் போயிற்று.

அவர் கபடி நடுவராக இருந்தவர். கபடியில் கையும் காலும்தான் பட வேண்டும் என்பதில்லை, உடுத்திய துணி பட்டாலும் பட்டதுதான். அந்த விதியை அவர் அளவுக்கு நேசித்தவர்கள் மாவட்டத்தில் கிடையாது. ஓர் இறுதிப் போட்டியில், பனியன் ஓரத்திலிருந்து தொங்கிய நூல் ஒன்று எதிராளியின் விரலில் பட்டதைப் பார்த்து விசில் ஊதினார். ஊரே கத்தியது. அவர் நூலைச் சுட்டிக்காட்டியபடி நின்றார். முழங்கால் தேய்ந்து மைதானத்தை விட்டபின், ஐம்பதை நெருங்கும் வயதில், விளையாட்டு செய்யக் கற்றுக்கொள்ள பியூலா டீச்சரிடம் வந்து சேர்ந்தார்.

டீச்சர் அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் இரு பரிமாண விளையாட்டுகள் செய்துகொண்டிருந்தார். மூன்றாவது பரிமாணத்தைப் பற்றி யாராவது கேட்டால், இன்னும் எனக்குத் தேவைப்படவில்லை என்பார். தாணுமூர்த்தியை அவர் அண்ணாச்சி என்று கூப்பிட்டார்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. விளையாட்டு ஓரளவு உருவானதும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் யாரையாவது மாடிக்கு அழைத்து, ஒரு டீ கொடுத்து, திரைக்கு முன்னால் உட்கார வைப்பார்கள். செய்தவர் பின்னால் நிற்க வேண்டும். வாயில் ஒரு மிடறு தண்ணீர் வைத்திருக்க வேண்டும். விழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது. விளக்கம் சொல்லும் வியாதிக்கு டீச்சர் கண்டுபிடித்த மருந்து அது. உட்கார்ந்தவர் தோற்றபின், யாரும் தூண்டாமல், தானாகவே ‘மறுபடி’ என்ற பொத்தானை அழுத்தினால் விளையாட்டு தேறியது. தேறியதைக் கொச்சியில் நடக்கும் கண்காட்சிக்கு அனுப்புவார்கள்.

இந்த முறை தன்னுடையது போகாவிட்டால் மச்சினனின் சிமெண்ட் கடையில் கல்லாவில் உட்காருவதாகத் தாணுமூர்த்தி மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மச்சினன் அதற்குள் சுழல் நாற்காலியே வாங்கிவிட்டான்.

விளையாட்டு இதுதான். ஒரு மரநாய் பனைக்குப் பனை தாவுகிறது. கீழே தாழம்புதர். விழுந்தால் முள். மரநாயை அவரே வரைந்திருந்தார். உடம்பைவிட வால் நீளம். தாவும்போது வால் பின்னாலேயே வளைந்து வரும். பெட்டியை மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை, ஒரு மயிர் மிச்சம் விடாமல், அளந்து போட்டிருந்தார்.

முதலில் உட்கார்ந்தவர் மார்த்தாண்டம் பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு வக்கீல். முதல் பனையைத் தாண்டினார், இரண்டாவதைத் தாண்டினார், மூன்றாவதில் மரநாய் செத்தது.

“தொடவே இல்லையே,” என்றார் வக்கீல். தாணுமூர்த்தியின் கன்னங்கள் தண்ணீரால் உப்பியிருந்தன. வக்கீல் திரும்பிப் பார்த்து, எந்த அடிப்படையில் இந்தத் தீர்ப்பு என்று கேட்டார். தாணுமூர்த்தியின் கண்கள் பிதுங்கின. இது ஏமாற்று வேலை, மேல்முறையீட்டுக்கு இடமிருந்தால் போயிருப்பேன் என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்து முடித்து, வக்கீல் படியிறங்கினார். ‘மறுபடி’ திரையில் சும்மா கிடந்தது.

தாணுமூர்த்தி ஓடிப்போய்த் தண்ணீரைத் துப்பிவிட்டு வந்தார். மரநாய் செத்த கணத்தைத் திரையில் நிறுத்தி, பெட்டிகளைச் சிவப்புக் கோட்டில் காட்டினார். வால் நுனியும் முள் நுனியும் ஒரே ஒரு புள்ளியில் ஒன்றாகியிருந்தன.

“பட்டிருக்கா டீச்சர்?”

“பட்டிருக்கு.”

“என் கணக்கு சரிதானே?”

“சரிதான்.”

“பின்ன ஏன் ஏமாத்துன்னு சொல்லுதாரு?”

டீச்சர் தான் செய்த நண்டு விளையாட்டைத் திறந்து, அவரை உட்காரச் சொன்னார்.

தாணுமூர்த்திக்கு அந்த நண்டைப் பிடிக்கும். பாறைக்குப் பாறை தாவி, அலைக்கும் கடற்பறவைக்கும் தப்பி, முத்துப் பொறுக்கும் நண்டு. உலகத்தில் ஒழுங்கான ஆட்டம் என்று ஒன்று உண்டென்றால் இதுதான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தார். செத்தால் தன் தவறால்தான் சாவோம், ஒரு தடவைகூட அநியாயமாகச் செத்ததில்லை என்பது அவர் கட்சி. அன்றும் அதையே சொல்லிக்கொண்டு ஆடினார். முத்துகளை அள்ளினார். பறவையின் அலகுக்கு மயிரிழையில் தப்பியபோது தோளைக் குலுக்கிக்கொண்டார்.

பாதி ஆட்டத்தில் டீச்சர் கையை நீட்டி ஒரு விசையை அழுத்தினார். பெட்டிகள் எல்லாம் சிவப்பாகத் தெரிந்தன.

தாணுமூர்த்தியின் கை நின்றது.

நண்டின் பெட்டி நண்டில் பாதிகூட இல்லை. கால்களும் கொடுக்கும் பெட்டிக்கு வெளியே அனாதையாக நின்றன. பறவையின் அலகு முழுக்கப் பெட்டிக்கு வெளியே; அலகால் அது எவரையும் கொத்தியதே இல்லை. முத்தின் பெட்டியோ முத்தைப்போல் இரண்டு மடங்கு. பக்கத்தில் போனாலே போதும், முத்து வந்து ஒட்டிக்கொள்ளும். பாறை முடிந்த பிறகும் கண் சிமிட்டும் நேரம் தரை இருப்பதாகவே கணக்கு வைத்துக்கொண்டது. காலடியில் வெறும் காற்று இருக்கும்போதே நண்டு எழும்பித் தாவலாம். போதாததற்கு, நண்டு ஏறும்போது அதை இழுக்கிற விசை ஒன்று, இறங்கும்போது அதைவிடப் பெரியது ஒன்று.

“ஒரே ஆட்டத்துக்கு ரெண்டு புவியீர்ப்பா?” என்றார் தாணுமூர்த்தி. குரல் தாழ்ந்திருந்தது.

“ஏறுகிறவனுக்கு அவசரமில்லை. இறங்குகிறவனுக்கு அவசரம்.”

“அப்போ நான் ஜெயிச்சதெல்லாம்?”

“நீங்க ஜெயிச்சதுதான்.”

“அலகு ரெண்டு தடவை என் மேல பட்டிருக்கு டீச்சர். நான் செத்திருக்கணும்.”

“அப்ப நீங்க புகார் சொல்லலையே அண்ணாச்சி.”

தாணுமூர்த்தி எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். தன் வாழ்நாளில் தனக்குச் சாதகமாக யாரும் ஒரு விசிலைக்கூட விழுங்கியதில்லை என்று அவர் நம்பி வந்தார். படியிறங்கும்போது அது கொஞ்சம் ஆடிப்போயிருந்தது.

அந்த வாரம் அவர் வரவில்லை. மாடியில் படிக்கிற மற்றவர்கள், அண்ணாச்சி சிமெண்ட் மூட்டையை எண்ணப் போய்விட்டார் என்று பேசிக்கொண்டார்கள். சிமெண்ட் மூட்டையிலும் ஓரத்து நூலைத்தான் முதலில் பார்ப்பார் என்று ஒருவன் சொன்னான். டீச்சர் அவனைத் தண்ணீர் பிடித்துவரச் சொன்னார்.

அடுத்த வாரம் தாணுமூர்த்தி தெளிந்த முகத்தோடு வந்தார். சிக்கலைத் தீர்த்துவிட்டதாகச் சொன்னார். பெட்டி ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று இருப்பதால்தான் சண்டை. பெட்டியைச் சுருக்குவது கள்ளத்தனம். ஆகவே படத்தைத் திருத்திவிட்டார்.

முதலில் வாலை வெட்டியிருக்கிறார். பிறகு மீசை துருத்தியது, மீசையை எடுத்தார். காதுகள் துருத்தின. கால்களுக்கு நடுவே இருந்த இடைவெளி பெட்டிக்குள் அடங்கியும் உடம்பில் அடங்காமல் கண்ணை உறுத்தியது; அதை அடைத்தார். முதுகு வளைவை நிரப்பினார். விதிப்படி ஒவ்வொன்றாகத் திருத்தி முடித்தபோது, திரையில் பழுப்பு நிறத்தில் ஒரு செவ்வகம் இருந்தது. தாழம்புதரும் பச்சைச் செவ்வகங்களாகியிருந்தது.

“இனி யாரும் தொடலன்னு சொல்ல முடியாது,” என்றார்.

டீச்சர் தலையாட்டினார். எதிரே பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு கன்னியாஸ்திரியை அழைத்து வந்தார்கள். தாணுமூர்த்தி தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டு பின்னால் நின்றார்.

கன்னியாஸ்திரி திரையைப் பார்த்தார். கைகளை மடியில் கோத்துக்கொண்டார். டீயைக் கொஞ்சம் குடித்தார். மறுபடி திரையைப் பார்த்தார். பொறுமையான பெண்மணி. வெகுநேரம் கழித்துத் திரும்பி, சிரித்த முகத்தோடு சொன்னார்.

“அவசரமில்லை. படம் வரட்டும்.”

தாணுமூர்த்திக்கு வாயிலிருந்த தண்ணீர் தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

கன்னியாஸ்திரி போனபின் தாணுமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் பழுப்புச் செவ்வகம் முதல் பனையின் உச்சியில் காத்துக்கொண்டிருந்தது. வெளியே ஒரு நடத்துனர் கன்னியாகுமரி, கன்னியாகுமரி என்று கூவிக்கொண்டிருந்தார்.

“நூலைப் பார்த்து ஊதினவன் நான்,” என்றார். “அன்னைக்கு என்னைக் கல்லால அடிக்க வந்தாங்க. பட்டது பட்டதுதான்னு நின்னேன். இப்போ படலன்னு நானே கணக்கு எழுதணுமா? பொய் சொல்லாம இதைச் செய்யவே முடியாதா டீச்சர்?”

டீச்சர் பழைய மரநாயைத் திரையில் கொண்டுவந்தார். அதைத் தாவவிட்டார். வால் பின்னால் எழும்பி, வளைந்து, மெல்லக் கீழிறங்கி வந்து சேர்ந்தது.

“இந்த வாலை எதுக்கு வரைஞ்சீங்க?”

தாணுமூர்த்தி யோசித்தார். விதியில் பதில் இல்லை.

“பாக்க நல்லாருக்கும்னு.”

“பாக்க நல்லாருக்கிறதுக்காக அது சாகணுமா அண்ணாச்சி?”

தாணுமூர்த்தி வெகுநேரம் மரநாயைத் தாவவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியின் ஒரு முனையைப் பிடித்து, வாலை விட்டு, இடுப்புவரை இழுத்தார்.

மறுநாள் காலையில், கூடைப் பூவை விற்றுத் தீர்த்துவிட்டுத் தோவாளை பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு பெண் மாடிக்கு வந்தார். வெற்றுக் கூடைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாவது பனையில் மரநாயின் வால் தாழைக்குள் முழுக்க முங்கி எழுந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. ஐந்தாவது பனையில் மரநாய் புதருக்குள் விழுந்து செத்தது.

“சே, நான்தான் பிந்திக் குதிச்சேன்,” என்றார் அந்தப் பெண். பொத்தானை அழுத்தினார்.

தோவாளை பஸ் போய்விட்டது.