நாய்க்குக் கல்யாணப் பத்திரிகை

ஏழு தலைமுறையாக ஒரே ரத்தம் என்று தன் வெள்ளை வேட்டை நாய்களைக் காட்டி ஜமீன்தார் மீசை முறுக்குவார். குட்டிகள் பாலாய் வெளுத்துப் பிறக்கும். பாதிக்குக் காது கேட்காது.

"அடுத்த ஈத்துல ஒண்ணு செவிடானாலும் உனக்கு இங்க வேலை இல்ல," என்றார், நாய்களை வளர்க்கும் சுடலியிடம்.

"சரி சாமி. அரண்மனை நாயாச்சே, பத்திரிகை அடிச்சே சோடி சேர்ப்போம்."

ஆடம்பரம் என்றால் ஜமீன்தாருக்கு உயிர். விருந்தாளிகள் கூடியிருக்க, அவர் சொல்லச் சொல்லக் கணக்கர் எழுதினார்.

"மாப்பிள்ளையைப் பெத்தவங்க, சாமி?" என்றாள் சுடலி.

"வேங்கை, மல்லிகை."

"பொண்ணைப் பெத்தவங்க?"

"வேங்கை, மல்..." என்று தொடங்கிய ஜமீன்தார் பாதியில் நிறுத்தினார்.

"வேங்கையைப் பெத்தவங்களும் மல்லிகையைப் பெத்தவங்களுமாச்சும் வேறயா?"

அவையும் ஒன்றேதான். கணக்கர் பேனாவை மூடினார். விருந்தாளிகள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"பங்காளி வீட்டுலயே நாம பொண்ணு எடுக்க மாட்டோம். இதுக அண்ணன் தங்கச்சி, சாமி. காது அங்கதான் போகுது."

"அசலூர்ல மாப்பிள்ளை பாரு," என்றார் ஜமீன்தார், தரையைப் பார்த்தபடி.

அசலூரில் ஆடு மேய்க்கும் கீதாரி வளர்த்த செவலை நாய் மாப்பிள்ளையாக வந்தது. மூன்று மாதம் கழித்து, வெள்ளையில் செம்மண் தெளித்தது போல் ஆறு குட்டிகள் முதுகைக் காட்டி விளையாடிக்கொண்டிருந்தன. ஜமீன்தார் பார்த்து நிற்க, சுடலி வாசலிலிருந்து மெல்ல, "வாங்கடா," என்றாள்.

ஆறு தலைகளும் திரும்பின.