ஸ்டோர் ரூமில் பெண்ணின் அப்பா

தென்காசிப் பக்கம் ஆலடிக்குளம் என்று ஓர் ஊர். அந்த ஊரில் உச்சிமாகாளி, பூவலிங்கம், தங்கமாரி என்று மூன்று பேர். மூவருக்கும் மூளை இல்லை என்று சொன்னால் எனக்குப் பாவம் வந்து சேரும். மூளை இருந்தது. தேய்ந்துவிடக் கூடாதே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

மூவரும் கூட்டாகக் கல்யாணங்களுக்குப் படம் எடுத்துக் கொடுத்தார்கள். உச்சிமாகாளிக்கு போட்டோ, பூவலிங்கத்துக்கு வீடியோ. தங்கமாரி லைட் பிடிப்பான். மனசு இளகினவன், தாலி கட்டும்போது பெண்ணின் அம்மா அழுவதற்கு முன்னாலேயே அவன் அழுதுவிடுவான்.

முதல் கல்யாணத்தில் அவர்கள் காட்டிய பாசம் இருக்கிறதே, பெற்ற பிள்ளைகள்கூட அப்படிக் காட்டமாட்டார்கள். உச்சிமாகாளி சமையல்கட்டில் நின்று அப்பளம் பொரித்தான். பூவலிங்கம் பெண்ணின் பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இருந்த வேலித் தகராறைத் தீர்த்து வைத்தான். தங்கமாரி மாப்பிள்ளையின் மாமா மறந்துவிட்டு வந்த கண்ணாடியை எடுக்க பைக்கில் செங்கோட்டைக்குப் போனான். இதற்கு நடுவில் யாரோ தாலி கட்டிவிட்டார்கள். ஆல்பத்தில் அப்பளம் ஐம்பத்தாறு படம், தாலிக்கு ஒன்றுமில்லை.

ஊரில் இருப்பதே ஒரு கல்யாண மண்டபம். அதன் மேனேஜர் சங்கரநயினார் மூவரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்: "இன்னொரு கல்யாணம் உங்களால கெட்டுச்சுன்னா, மண்டபத்துப் படியை மிதிக்கப்படாது. சொல்லிட்டேன்."

மண்டபம் இல்லையென்றால் பிழைப்பு இல்லை. மூவரும் பயந்துபோய் ப்ரிஸில்லா அக்காவிடம் ஓடினார்கள். அக்கா வீட்டிலிருந்தபடியே வெளியூர்க்காரர்களுக்கு டைப்பிங் வேலை செய்து கொடுப்பவர், எந்தக் கஸ்டமரிடமும் ஒரு சண்டை வந்தது கிடையாது.

"அன்பா இருக்கணும், ஆனா அளவோட இருக்கணும்" என்றார் அக்கா. "மூணே விஷயம். வேலையைப் பேசுறதுக்கு முன்னாடி அவங்க வீட்டாளுகளை நலம் விசாரிங்க. ஒப்பந்தத்துல எழுதாத வேலையைத் தொடாதீங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கஸ்டமர்கிட்ட பேசாதீங்க. இல்லன்னா ராத்திரியெல்லாம் போன் போட்டு உயிரை வாங்குவாங்க."

மூவரும் அதை அட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்கள். அக்கா அப்போதே கவலைப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்து வந்தது பாத்திரக்கடை நல்லபெருமாள் அண்ணாச்சியின் மகள் முத்துகௌரி கல்யாணம். அண்ணாச்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். தங்கமான மனுஷர். அவருக்கா இப்படி வர வேண்டும்!

முகூர்த்த நேரம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். உச்சிமாகாளி கேமராவைத் தூக்கினான், அட்டை ஞாபகம் வந்தது.

"மாப்ளே, அம்மா சௌக்கியமா? அப்பா சௌக்கியமா? சித்தப்பாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு? செத்த இங்க பாருங்க."

மரியாதை தெரிந்த மாப்பிள்ளை. தாலி கட்டிக்கொண்டே பதில் சொன்னார். படத்தில் ஊரே அட்சதை போடுகிறது, மாப்பிள்ளை மட்டும் வாயைத் திறந்து "இப்போ தேவலை" என்கிறார்.

"சரி, படம் வந்துட்டுல்லா, போதும்" என்று அண்ணாச்சி மன்னித்தார். மத்தியானம் பந்தியில் வியர்த்து வழிய, சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்ற பூவலிங்கத்திடம், "தம்பி, அந்த ஃபேனைக் கொஞ்சம் போடுங்க" என்றார்.

பூவலிங்கம் ஒப்பந்தத்தை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துப் பார்த்தான். "ஃபேன் இல்லையே அண்ணாச்சி" என்றான் வருத்தத்தோடு. அண்ணாச்சி அதையும் பொறுத்துக்கொண்டு தானே எழுந்துபோய்ப் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வரவேற்பு. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், தாம்பூலப் பைகளை எண்ணிப் பார்க்க அண்ணாச்சி ஸ்டோர் ரூமுக்குள் போனார். அந்தப் பக்கமாக வந்த சமையல்காரர், உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அண்ணாச்சியின் போன் மேடையில் அவர் மனைவி கையில். மண்டபத்தில் பாட்டுக் கச்சேரி காதைப் பிளக்கிறது. ஸ்டோர் ரூம் வாசலில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

கதவு தடதடத்தது. "யாருப்பா வெளிய? கதவைத் திறங்க!"

உச்சிமாகாளி கடிகாரத்தைப் பார்த்தான். ஆறு மணி இரண்டு நிமிஷம்.

"ஏல, யாரும் பதில் சொல்லிராதீங்க" என்று கிசுகிசுத்தான்.

"அண்ணாச்சி பாவம்லா" என்றான் தங்கமாரி.

"பாவந்தான். ரெண்டு நிமிஷத்துக்கு முந்தித் தட்டியிருந்தா பேசியிருக்கலாம்."

"பேசாமத் திறந்துவிட்டா?"

"கதவு ஒப்பந்தத்துல இருக்கா பாரு."

பூவலிங்கம் மறுபடியும் முழுவதும் படித்தான். "போட்டோ இருக்கு, வீடியோ இருக்கு, ஆல்பம் இருக்கு. கதவு இல்ல."

"மத்தியானம் ஃபேன் போட மாட்டோம்னு சொல்லிட்டு இப்போ கதவைத் திறந்தா, அண்ணாச்சி என்ன நினைப்பாரு? ஃபேனுக்கு ஒரு நியாயம், கதவுக்கு ஒரு நியாயமான்னு கேக்க மாட்டாரா?"

கேட்பார்தான் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். உள்ளே அண்ணாச்சி கதவை உதைத்தார். தங்கமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மேடைப் படியருகே முத்துகௌரி, "அப்பா வராம நான் ஏற மாட்டேன்" என்று கீழேயே நின்றுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள். அண்ணாச்சியைத் தேடி மாடிக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருந்த சங்கரநயினார், ஸ்டோர் ரூம் வாசலில் மூவரும் சும்மா நிற்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். "வேலையைப் பாக்கலையா? இந்தக் கல்யாணமும் கெட்டுச்சுன்னா தொலைச்சுப்புடுவேன்!" என்று கத்திவிட்டு வாசலுக்கு ஓடினார்.

பூவலிங்கம் ஒப்பந்தத்தை மூன்றாம் தடவை படித்தான், திடீரென்று துள்ளினான். "ஏல, இங்க இருக்கு! வரவேற்புல மணமக்களோட சேர்ந்து பொண்ணோட அப்பா நிக்கிற படம், ஒண்ணு!"

"அவருதான் உள்ள இருக்காரே?"

"அவரு வர முடியாது. பொண்ணு, மாப்பிள்ளை வரலாம்லா? தோட்டத்துப் பக்கம் ஜன்னல் இருக்கு."

"பொண்ணுகிட்ட பேசலாமா? மணி ஆறேகாலாச்சே."

"கையெழுத்துப் போட்டது அண்ணாச்சி. பொண்ணு கஸ்டமர் இல்ல."

இவ்வளவு நல்ல யோசனை அவர்களுக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை. உச்சிமாகாளி மேடைக்கு ஓடினான். அழுதுகொண்டிருந்த பெண்ணிடம் அம்மா சௌக்கியம், மாமியார் சௌக்கியம் எல்லாம் விசாரித்துவிட்டு, "அப்பா ஸ்டோர் ரூம்ல இருக்காக. படத்துக்குத் தோட்டத்துப் பக்கம் வாங்க" என்றான். பெண் ஓடினாள், பின்னால் மாப்பிள்ளை ஓடினார், அவர்களுக்குப் பின்னால் பாதிக் கல்யாணம் ஓடியது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி நின்றார். வேட்டியெல்லாம் தேங்காய் நார், காதில் ஒரு தாம்பூலப் பை தொங்குகிறது.

"அப்பாவைச் சிரிக்கச் சொல்லும்மா. நாங்க அவருகிட்ட பேசப்படாது" என்றான் உச்சிமாகாளி.

முத்துகௌரி அப்பாவைப் பார்த்தாள். அதுவரை அழுத பெண்ணுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. மகள் சிரிப்பதைப் பார்த்து, கோபத்தில் கத்த வாயைத் திறந்த அண்ணாச்சியும் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டாரும் சிரித்தார்கள். உச்சிமாகாளி கேமரா பட்டனை அமுக்கினான். அவன் வாழ்க்கையில் எடுத்த ஒரே நல்ல படம் அதுதான். பிறகு சங்கரநயினார் வந்து, தலையில் அடித்துக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தார்.

மறுநாளே அந்தப் படம் ஊரிலுள்ள எல்லா போனுக்கும் போய்விட்டது. அண்ணாச்சி அதைப் பெரிதாகப் போட்டுக் கடையில் மாட்டினார். மூவரையும் விரட்டுவதற்காகச் சங்கரநயினார் வாசலில் காத்திருந்தபோது, ரைஸ்மில் காந்திமதிநாதன் வந்து நின்றார். "என் மக கல்யாணத்துக்கும் இவங்கதான் வேணும். நானும் அந்த ஜன்னலுக்குள்ள நிக்கணும்" என்றார். மேனேஜரால் என்ன செய்ய முடியும்? படியை மிதிக்கவிட்டார்.

இந்தத் தடவை மூவரும் உஷார். ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள்: 'பெண்ணின் அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டுதல், ஒன்று.' வரவேற்பு நாளில் மூவருமாக ஸ்டோர் ரூமுக்குள் போய், வெளிச்சம் பார்த்து, காந்திமதிநாதனை ஜன்னலோரம் நிறுத்தி, வீட்டாரை எல்லாம் நலம் விசாரித்து, வெளியே வந்து பூட்டினார்கள். தோட்டத்துப் பக்கம் பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர் ஜனங்களும் தயாராக நின்றார்கள்.

கம்பிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது.

"தம்பிகளா, கேமராவை உள்ளயே வச்சுட்டுப் போயிட்டீங்களே. இந்தாங்க."

உச்சிமாகாளி கடிகாரத்தைப் பார்த்தான். ஆறு மணி ஒரு நிமிஷம். மூவரும் சட்டென்று திரும்பி, தென்னைமரத்தைப் பார்த்து நின்றார்கள்.

"பேச வேண்டாம். கையை மட்டும் நீட்டி வாங்கிக்கலாமா?" என்று தங்கமாரி மெல்லக் கேட்டான்.

"வாங்குனா தேங்க்ஸ் சொல்லணும்லா?" என்றான் உச்சிமாகாளி. "பேசாம நில்லு. காலையில வாங்கிக்கிடலாம்."